பொருந்தாத அளவை அழிக்காதீர்கள்

மாணவர்களே, தனி ஊசல் சோதனையைச் செய்திருப்பீர்கள். வரைபடத்தில் ஐந்து புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் அமரும். ஒன்று மட்டும் விலகி நிற்கும். உடனே கை அழிப்பானைத் தேடும். “டீச்சர், பக்கத்துக் குழுவின் எண்ணைப் போட்டுக்கொள்ளலாமா?” என்று யாரும் கேட்காத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஒரு தவறா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதிலாக, அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் வில்சனின் ஆய்வு வாழ்க்கையைச் சொல்கிறேன்.

வைரஸ் நம் உயிரணுவுக்குள் புகுந்து தன் மரபணுவை இறக்கிவிடும். அந்த மரபணுவை நீக்கிவிட்டு, நோயாளிக்குத் தேவையான நல்ல மரபணுவை ஏற்றி அனுப்பினால், நோய் தரும் வைரஸே மருந்து சுமக்கும் வாகனமாகிவிடும். இதுதான் வைரஸ் வழி மரபணு சிகிச்சை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முன்னணி ஆய்வாளராக இருந்தவர் வில்சன்.

1999 செப்டம்பரில் அவரது குழு நடத்திய சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற இளைஞர் தன்னார்வலராகச் சேர்ந்தார். வயது 18. உங்களில் பலருக்கு அண்ணன் வயது. உடலில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரலால் சரிவர அகற்ற முடியாத பிறவிக் குறைபாடு அவருக்கு இருந்தது. ஆனாலும், உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் சமாளித்து வந்தார். இதே நோயுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்றே அவர் முன்வந்தார். அடினோவைரஸ் செலுத்தப்பட்டதும் அவரது நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்தது. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. நான்காம் நாள் ஜெஸ்ஸி இறந்தார்.

பின்னர் நடந்த விசாரணையில் பல குறைகள் வெளிவந்தன. சிகிச்சையின்போது அவரது அம்மோனியா அளவு, விதித்த வரம்பைவிட அதிகமாக இருந்தது. முன்பு பங்கேற்ற சிலருக்குக் கல்லீரலில் தோன்றிய பாதிப்பு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை. முந்திய ஆய்வில் குரங்குகள் இறந்த செய்தி, ஜெஸ்ஸி கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் இல்லை. இத்துறை சார்ந்த ஒரு நிறுவனத்தில் வில்சனுக்குப் பங்கும் இருந்தது. 2005-இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டில் அவர் தவறை ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் மனிதர்கள் மீதான சோதனைகளில் அவருக்குச் சில ஆண்டுகள் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

இதற்கிடையே அவர் ஆய்வுக்கூடத்தில் வேறொரு வாகனத்தைத் தேடினார். மனிதனுக்கு நோய் தருவதாக அறியப்படாத, அடினோ சார்ந்த வைரஸ் என்னும் மிகச் சிறிய வைரஸ் அது. அவரது குழு அதன் புதிய வகைகளைக் கண்டறிந்தது. அவற்றுள் ஒன்பதாம் வகையைக் கொண்டு உருவான ஸோல்கென்ஸ்மா என்ற மருந்துக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. தண்டுவடத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்கு ஒரே ஒரு முறை செலுத்தும் மருந்து அது.

ஆனால் என்னை அதிகம் கவர்ந்தது இந்த வெற்றி அன்று. இதே போன்ற வைரஸை மிக அதிக அளவில் செலுத்தியபோது ஒரு குரங்குக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதுபட்டது. பன்றிக்குட்டிகளின் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. துறையே கொண்டாட்டத்தில் இருந்த நேரம். வில்சன் அந்த முடிவை 2018-இல் ஆய்விதழில் வெளியிட்டு எச்சரித்தார். அதிக அளவு வைரஸ் மருந்தை உருவாக்கி வந்த ஒரு நிறுவனத்தின் ஆலோசகர் பொறுப்பிலிருந்தும் விலகினார்.

பின்னால் வந்த வெற்றி ஜெஸ்ஸியின் மரணத்தை ஈடுகட்டிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எந்த மருந்தாலும் அது முடியாது. அறிவியலாளரின் வெற்றியை மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது என்றுதான் சொல்கிறேன். பாதகமான முடிவைப் பிறர் பார்க்கும்படி எழுதி வைப்பதும் அறிவியலின் பாதி வேலை. அந்த எண்ணை நம்பி இன்னொருவர் தம் உடலைக் கொடுக்கிறார்.

அடுத்த முறை ஒரு புள்ளி விலகி நின்றால் அழிக்காதீர்கள். வட்டமிடுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். என் வகுப்பில் அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் உண்டு.