காலி பண்றேன், சார்!

சென்னையில் வீடு பிடிப்பதுதான் கஷ்டம் என்பார்கள். பாதியில் விட்டுப் பாருங்கள், தெரியும்! பதினோரு மாச அக்ரிமென்ட்டில் ஆறாவது மாசம் டிரான்ஸ்ஃபர் வந்ததாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'உங்க சொந்த வீடு மாதிரி நெனச்சுக்குங்க' என்ற அதே வீட்டுக்காரர், சுவரைத் தடவி ஆணி ஓட்டைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் எத்தனை மாசம் முன்னால் சொல்ல வேண்டும், அவசரமாகக் கிளம்பினால் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அக்ரிமென்ட்டில் இருக்கும். படிக்காமலே கையெழுத்துப் போட்டீர்களே, அந்தப் பக்கத்தில்!

ஆகவே, மாடிப்படியில் நின்று வாயால் சொன்னால் போதாது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக் கொள்ளுங்கள். குடிபோன அன்றைக்கே சுவர்களை செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால், ஆணிக் கணக்கு பாதியாகக் குறையும்.

பால் காய்ச்சுவதற்கு முன்பே காலி செய்கிற பேச்சா? கல்யாணப் பந்தலில் ஜீவனாம்சம் பேசுகிற மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் பேசிவிடுங்கள் ஸ்வாமி! உங்கள் பல மாச வாடகை அவர் பீரோவில் அல்லவா இருக்கிறது?