சொல்லாதவன் சிநேகிதனா?

‘காட்டிக் கொடுப்பவன்’ என்ற வசவை நாம் வெகு தாராளமாக வழங்கி வருகிறோம். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட இந்த வசவு, உத்தியோகத்துக்குப் போன பிறகும் நம்மை விடுவதில்லை. கூட வேலை பார்க்கிறவன் போதையில் வருகிறான் என்று தெரியும், சொல்லமாட்டோம். “பிள்ளைகுட்டிக்காரன், அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன்?” என்போம். இதற்குத் தாட்சண்யம் என்று ஒரு கௌரவமான பெயர் வேறு! இது சுத்தக் கோழைத்தனம் என்று நான் சொல்கிறேன்.

குமாஸ்தா குடித்தால் கணக்குத் தப்பும். ஆகாய விமானம் ஓட்டுகிறவன் குடித்தால்?

1977-ஆம் ஆண்டு ஜனவரி 13. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள ஆங்கரேஜ் நகரம். ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனியின் டிசி-8 சரக்கு விமானம் ஒன்று, மாடுகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோவுக்குக் கிளம்ப இருந்தது. அதன் தலைமை விமானியை அன்று விடிவதற்கு முன் ஒரு டாக்ஸிக்காரர் ஏற்றிச் சென்றார். சவாரிக்கு வந்தவர் இருந்த நிலை அவருக்குக் கலவரத்தை உண்டாக்கிற்று. ‘நமக்கேன் வம்பு’ என்று அவர் போய்விடவில்லை. தம் டாக்ஸி நிலையத்தில் சொன்னார். அங்கிருந்தவர், அந்த விமானக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்த ஸ்தாபனத்தின் அதிகாரிக்கு டெலிபோன் செய்தார். அதிகாரி என்ன செய்தார்? ‘விமானி குடித்திருந்தால் கம்பெனிக்காரர்களே கண்டுபிடித்து நிறுத்திவிடுவார்கள்’ என்று எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்!

பக்கத்தில் அமர்ந்த துணை விமானியும் இன்ஜினீயரும் தடுக்கவில்லை. விமானம் எழும்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. விமானத்தை ஓட்டிய 3 பேரும், மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்த 2 பேரும் மாண்டார்கள். தலைமை விமானியின் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 298 மில்லி கிராம் சாராயம் இருந்தது. 100 மில்லி கிராம் இருந்தாலே அவர் மோட்டார் ஓட்டக் கூடாதவர் என்பது அந்த மாநிலத்தின் அன்றைய சட்டம். விமானத்தின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டிக்கும் விபத்தில் பங்கு உண்டு. ஆனால், சக விமானிகள் அவரைத் தடுக்கத் தவறியதையும் ஒரு காரணமாக விசாரணைக் குழு எழுதி வைத்தது.

இந்த வரிசையில் யார் மிகச் சாமானியர்? டாக்ஸிக்காரர். சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் சொன்னார். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், பொறுப்பை ஏற்றுச் சம்பளம் வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியவரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று துணை விமானி நினைத்திருந்தால், அந்த மரியாதைக்கு அவர் கொடுத்த விலை தம் உயிர்!

சாராயமாவது நாறும். நாறாத போதையும் உண்டு. 1988 ஜனவரி 19-ஆம் தேதி கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ அருகே ஒரு சிறு விமானம் விழுந்து, அதிலிருந்த 17 பேரில் 9 பேர் இறந்தார்கள். தலைமை விமானி கொகெய்ன் உபயோகித்திருந்தது அவர் இறந்தபின் நடந்த பரிசோதனையில்தான் வெளியாயிற்று. விபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. மனிதர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதைப் பிணம் வந்து சொல்லும்படி விடுவது என்ன நாகரிகம்?

“ஒருவன் வயிற்றில் அடிக்கலாமா?” என்று கேட்கும் அன்பர்களுக்கு இன்னொரு கதை சொல்கிறேன். 1990 மார்ச் 8 அன்று ஃபார்கோவிலிருந்து மினியாபோலிஸுக்கு நார்த்வெஸ்ட் கம்பெனியின் விமானத்தை ஓட்டிச் சென்ற மூவரும் முதல் நாள் இரவு மிதமிஞ்சிக் குடித்தவர்கள். அதைப் பார்த்த யாரோ ஒருவர் தகவல் கொடுத்துவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரி, மேலிடத்தைக் கேட்டு வருகிறேன் என்று போனார், விமானம் பறந்துவிட்டது! நல்லவேளையாகப் பத்திரமாய் இறங்கியது. மூவரும் கைதானார்கள், சிறைக்கும் போனார்கள். ஆனால், அந்தத் தலைமை விமானி குடியை விட்டொழித்தார். அதே கம்பெனியில் மீண்டும் விமானியானார். 747 ரக விமானத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றார். 2001-ல் ஜனாதிபதி கிளிண்டன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். இப்போது சொல்லுங்கள்: அவரை ‘காட்டிக் கொடுத்தவர்’ அவருக்குச் சத்துருவா? முன்பே தெரிந்தும் வாளாவிருந்தவர்கள் எவரேனும் இருந்தால், அவர்களா சிநேகிதர்கள்?

சொல்லுகிறவன் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. சந்தேகத்தைச் சொன்னால் போதும். நிரபராதியைப் பரிசோதனை விடுவித்துவிடும். மௌனத்தால் விழுந்த விமானத்தை எந்த அப்பீலும் மீட்டுத் தராது.

அதே சமயம், சொல்வதென்றால் ஒருவனைத் தூக்கில் போடுவதுதான் என்று முதலாளிகள் ஆக்கி வைத்தால் எந்த நல்லவனும் சொல்லத் தயங்குவான். இதை உணர்ந்துதான் அமெரிக்க விமானிகளின் சங்கமே முன்வந்து, 1970-களில் ஒரு திட்டத்துக்கு வழிசெய்தது. போதைக்கு அடிமையானவனைச் சிகிச்சைக்கு அனுப்பி, கண்காணித்து, தேறினால் வேலையைத் திருப்பித் தரும் திட்டம் அது. தண்டனை ஒன்றையே காட்டுகிற கம்பெனி, மௌனத்தைத்தான் விளைவிக்கும்.

நம் நாட்டில் 2022 ஜனவரி 31 முதல், விமானிகளில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேரையாவது முன்னறிவிப்பின்றிப் போதைப் பொருள் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி; வரவேற்கிறேன். ஆனால், மீதித் தொண்ணூறு பேரை யார் சோதிப்பது? பக்கத்து ஆசனத்தில் இருப்பவன்தான். ஒரே விடுதியில் தங்குகிறவன்தான். வீட்டில் காப்பி கொடுத்து வழியனுப்புகிற மனைவிதான். அவர்கள் கண்ணைவிடக் கூர்மையான கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அவர்கள் வாயை அடைப்பது சட்டமல்ல. நாம் தாராளமாக வழங்கும் அந்த வசவுதான்.

ஆகவே, அந்த வசவை இடம் மாற்றுங்கள் என்கிறேன். காட்டிக் கொடுப்பவன் யார்? நம்பி ஏறி உட்கார்ந்து, மடியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறாளே ஒரு தாய், அவளைத் தெரிந்தே சாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, ‘நான் யாரையும் பற்றி யாரிடமும் பேசுவதில்லை’ என்று பெருமையடித்துக்கொள்கிறானே, அந்தக் கண்ணியவான்தான்!