பிள்ளையின் பசிக்கு வருகைப் பதிவேடு எதற்கு?

பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் பேத்தி. குழந்தை பிறந்து 9 நாள். போன வாரம் ஒரு காலை, என் கொள்ளுப்பேத்தி கையை வாயில் திணித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்குப் பசிக்குதும்மா, எடுத்துக் குடு" என்றேன். பேத்தி கைப்பேசியைப் பார்த்தாள். "இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கு ஆயா. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான். மணி அடிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1974-இல் இதே பதிலை என் அம்மாவிடம் சொன்னவள் நான்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை வளர்ப்புப் பாடம் உண்டு, 'ப்யூயெரிகுல்த்யூர்' என்று பெயர். மா சேர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினோம்: 'தூத் லே த்ருவா ஸேர்', அதாவது மூன்று மணிக்கு ஒரு முறை. காலை 6, 9, 12, பிற்பகல் 3, மாலை 6, இரவு 9. அதற்குப் பிறகு விடியும்வரை கிடையாது. இடையில் அழுதால் தண்ணீர் கொடு, தூக்காதே, பழக்கமாகிவிடும். அந்த நோட்டுக்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

மூத்தவன் பிறந்தபோது அந்த நோட்டைத்தான் நம்பினேன். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத என் அம்மா, "வாய் சப்புறானே, அழறதுக்கு முன்னாடி எடேன்" என்பார். "உங்களுக்குத் தெரியாதும்மா" என்று வாயை அடைத்துவிட்டேன். பிள்ளை கத்தினான்; நான் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வாரத்தில் பால் வற்றிப்போனது. "உனக்குப் பால் போதலை" என்று வந்தவர் போனவர் எல்லாம் தீர்ப்பு எழுதினார்கள். டப்பா பால் வந்தது. குற்றவாளி என் உடம்பு என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

இல்லை. குற்றவாளி அந்தக் கால அட்டவணை. இதை உரக்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அட்டவணை எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், அதுவும் புட்டிப்பால் குடித்தவர்களே அதிகம். 1892-இல் பாரிசில் மருத்துவர் பியேர் புதேன், கைக்குழந்தைகளுக்கென ஒரு மருத்துவ ஆலோசனை நிலையம் தொடங்கினார். 1894-இல் ஃபெக்காம் ஊரில் மருத்துவர் லெயோன் துய்ஃபூர் 'பால் துளி' என்ற நிலையத்தைத் திறந்து, சுத்தம் செய்த பாலை அளந்து கொடுத்தார். பெரிய சேவை, மறுக்கவில்லை. ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் ஆபத்து என்ற அந்தக் காலத்துப் பயம், புட்டிக்கு வேண்டிய கட்டுப்பாட்டைத் தாயின் மார்புக்கும் போட்டுவிட்டது. பசும்பால் குழந்தையின் வயிற்றில் கெட்டியாகத் திரளும், செரிக்க நேரமாகும். தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். இரண்டுக்கும் ஒரே நேரக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

இன்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு வேறு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால். பிறகு முதல் சில வாரங்களுக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவு உட்பட. என் நோட்டின் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 6 முறை! குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இந்தக் கூட்டல் பிடிபட இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மார்பு ஒன்றும் சேமிப்புக் கிடங்கு இல்லை, காத்திருந்தால் நிறைய சேரும் என்பதற்கு. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். பால் தேங்கி நின்றால், "இவ்வளவு தேவையில்லை போல" என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அந்த இரவைத்தான் என் நோட்டு பூட்டி வைத்தது.

"கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கெட்ட பழக்கம் ஆகிவிடாதா?" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: உங்களுக்குத் தாகம் எடுத்தால் கடிகாரம் பார்த்தா தண்ணீர் குடிக்கிறீர்கள்? பிறந்து 9 நாளான பிள்ளைக்குப் பழக்கம் ஏது, பிடிவாதம் ஏது? வாய் சப்புவதும், கையைச் சூப்புவதும், மார்பைத் தேடித் தலை திருப்புவதும்தான் அதன் விண்ணப்பம். அழுகை கடைசி நினைவூட்டல். வீறிட்டு அழும் பிள்ளை மார்பைச் சரியாகப் பற்றவும் செய்யாது.

"பால் போதுமா என்று எப்படித் தெரியும்?" கடிகாரத்தை விட்டுவிட்டு ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கடிகாரத்துக்கும் ஒரு வேலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள், முக்கியமாக மஞ்சள் காமாலை கண்டவையும் எடை குறைந்தவையும், பசித்தாலும் தூங்கும். எடை திரும்பும்வரை மூன்று மணி நேரம் தாண்டினால் எழுப்பிப் புகட்ட வேண்டும். ஆக, மணி அடிப்பது தூங்கும் பிள்ளையை எழுப்ப. பசித்த பிள்ளையைக் காக்கவைக்க அல்ல. அந்தக் காலத்தில் நாங்கள் இதைத் தலைகீழாகப் படித்தோம்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளுக்கு 12 முறை பால் கொடுப்பவளுக்கு வேறு வேலை செய்ய நேரம் இருக்காது. "பால் போதலை" என்று சொல்லும் வாயை மூடிக்கொண்டு, ஒரு தட்டு சோறு எடுத்து வந்து கொடுங்கள். அவள் துணியைத் துவையுங்கள்.

அன்று காலை பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுடைய அப்பனை நான் அழவிட்ட கதையை மட்டும் சொன்னேன். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் பிள்ளையை எடுத்தாள். அம்மா இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.