திருப்பி அனுப்பிய மூட்டைக்கு எந்த விலை?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சார்பில் இடுபொருள் கடை நடத்துகிறோம். மதுரை மொத்த வியாபாரியிடம் 2 லோடு மாட்டுத் தீவனம் வாங்கினோம். முதல் லோடு 40 மூட்டை, மூட்டை 1,200 ரூபாய். இரண்டாவது லோடு 60 மூட்டை, மூட்டை 1,300 ரூபாய். இரண்டாவது லோடில் 20 மூட்டைகள் நனைந்து பூஞ்சை பிடித்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டோம். மீதி இருப்புக்கு என்ன விலை போடுவது?
– வாசகர், உசிலம்பட்டி வட்டாரம்.

பதில்: முதலில், திருப்பி அனுப்பியது நல்ல காரியம். பூஞ்சை பிடித்த தீவனத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும்.

இனி கணக்கு. 100 மூட்டைக்கு நீங்கள் போட்ட பணம் 1,26,000 ரூபாய். சராசரி, மூட்டைக்கு 1,260. பலரும் இந்தச் சராசரி விலையிலேயே 20 மூட்டைகளைக் கழித்து, 25,200 ரூபாய் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. திரும்பிப் போனவை 1,300 ரூபாய் மூட்டைகள். வியாபாரியும் 26,000 ரூபாய்தான் வரவு வைப்பார். ஆகவே பில்லில் உள்ள விலையிலேயே கழியுங்கள். மீதி 80 மூட்டைக்கு 1,00,000 ரூபாய். புதுச் சராசரி 1,250.

சராசரியில் கழித்தால் இருப்பு 1,00,800 என்று நிற்கும். கூடுதலாகத் தெரியும் 800 ரூபாய் யாரும் சம்பாதிக்காத லாபம். ஒரு லோடுக்கு இது சிறிய தொகைதான். ஆண்டு முழுவதும் இப்படியே எழுதி, மார்ச் 31 இருப்பை வைத்து உறுப்பினர்களுக்கு லாபம் பிரித்தால், இல்லாத பணத்தைப் பங்கு போட்டதாக ஆகும்.

குறைந்த விலை லோடிலிருந்து 20 மூட்டை திரும்பியிருந்தால், மீதி 1,02,000 ரூபாய். சராசரி 1,275 ஆக ஏறும். அப்போது பழைய 1,260-ஐ அடக்க விலை என்று நினைத்து விற்றால், மூட்டைக்கு 15 ரூபாய் கையை விட்டுப் போகும். அதனால் எந்த லோடு மூட்டை என்று மூட்டையிலேயே குறித்து வையுங்கள்.

சராசரி முறை வேண்டாம் என்றால், முதலில் வந்தது முதலில் போனதாக எழுதும் முறையும் உண்டு. இந்தியக் கணக்கியல் தரநிலை 2 இந்த இரண்டையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போனதாக எழுதுவதை ஏற்பதில்லை. எதை எடுத்தாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்றுங்கள்.

வண்டி வாடகையைத் தனியாகப் பாருங்கள். கடையில் தங்கிய மூட்டைகளைக் கொண்டுவந்த வாடகை அடக்க விலையில் சேரும். திரும்பிய 20 மூட்டைகளுக்கு வந்த வாடகையையும் போன வாடகையையும் வியாபாரியிடம் கேளுங்கள். அவர் தராவிட்டால் நட்டமாக எழுதுங்கள். நல்ல மூட்டைகளின் தலையில் ஏற்றக் கூடாது.

மாட்டுத் தீவனத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. உரம், பூச்சிமருந்து போன்ற வரியுள்ள சரக்கைத் திருப்பினால், வியாபாரியிடம் கிரெடிட் நோட் கேட்டு வாங்குங்கள். அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் திருப்ப வேண்டும்.

மூட்டை வண்டி ஏறும் அன்றே தேதி, பில் எண், மூட்டை எண்ணிக்கை, விலை, காரணம் ஐந்தையும் இருப்புப் பதிவேட்டில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.