கழிப்பது வேறு, கொளுத்துவது வேறு

மார்கழியின் கடைசி நாள், விடியற்காலை நான்கு மணி. எங்கள் தெருவில் முதல் டயர் பற்றி எரியத் தொடங்கும் நேரம். ஆஸ்துமாக்காரரான என் அம்மா முந்தின இரவே ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டுத்தான் படுப்பார். அப்படியும் ஐந்து மணிக்குள் மூச்சிரைத்து, இன்ஹேலரைத் தேடி எழுந்துவிடுவார். ஒருமுறை பொறுக்க முடியாமல் தெருவில் இறங்கிக் கேட்டேன். "காலங்காலமா நடக்கிறதுதானே தம்பி, பழசைக் கொளுத்தாம போகி ஏது?" என்றார் ஒரு பெரியவர். வீம்புக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கைதான் தவறு.

போகி என்றாலே, பழையது கழிந்து புதியது புகுவதைப் பற்றிய ஒரு வரியை எல்லோரும் துணைக்கு அழைக்கிறோம். அது பண்டிகைக்காக எழுதப்பட்டதே அன்று. பவணந்தி முனிவர் தம் இலக்கண நூலான நன்னூலில் வைத்த நூற்பா அது. காலப்போக்கில் பழைய வழக்குகள் மொழியிலிருந்து மறைவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமல்ல என்கிறார் அவர். அங்கே கழிதல் உண்டு, தீ இல்லை.

நம் முன்னோர் எதையுமே எரிக்கவில்லையா? எரித்தார்கள். கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், இற்றுப்போன ஓலை. எல்லாம் மண்ணில் விளைந்தவை. சாம்பலாகிக் குப்பைக்குழி வழியே மண்ணுக்கே திரும்பின. அதுவும் அன்றைய வேலையில் ஒரு சிறு பகுதிதான். பரணை ஒழிப்பதும், சுவருக்கு வெள்ளையடிப்பதும், புளி போட்டுப் பாத்திரம் துலக்குவதுமாகவே நாள் கழியும். கொங்கு நாட்டில் அன்று காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையிலும் வயலிலும் செருகுவார்கள். டயரும் நைலான் பாயும் நுரை மெத்தையும் எந்தப் பாட்டியின் போகியிலும் இருந்ததில்லை. அவற்றை எரித்துவிட்டு மரபின் பெயரைச் சொல்வது அந்தப் பாட்டிகளுக்கு இழைக்கும் அநீதி.

டயரில் கந்தகமும் கரித்தூளும் எண்ணெயும் இருக்கின்றன. எரிந்தால் சல்பர் டை ஆக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் வெளிவரும். பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் உண்டாகும். போதாததற்கு இது ஜனவரி மாதம். விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, மேலேயுள்ள வெப்பக்காற்று அதன்மேல் மூடிபோல் படிந்திருக்கும். புகை மேலே போக வழியின்றிப் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் தரையிறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்கு வேறு ஊர் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எங்கே போகும்?

"வருஷத்துக்கு ஒருநாள்தானே" என்பார்கள். மூச்சுத் திணறுகிறவருக்கு அந்த ஒரு காலையே போதும். "ஆலைகள் ஆண்டெல்லாம் புகை விடுகின்றன, எங்கள் பண்டிகைதான் கண்ணை உறுத்துகிறதா" என்பார்கள். ஆலைப்புகையையும் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆலைக்கு உயர்ந்த புகைபோக்கியாவது இருக்கிறது. நாம் மூட்டும் தீ பக்கத்து வீட்டு ஜன்னலை ஒட்டி எரிகிறது. தெருவில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் எல்லா நாளுக்கும் சேர்த்தே தடை செய்கின்றன. பண்டிகையைக் குறிவைத்து வந்த தடை அன்று அது.

கழிப்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. உடுத்தக்கூடிய துணியைத் துவைத்து மடித்துத் தேவைப்படுவோருக்குத் தரலாம். தாளும் இரும்பும் பிளாஸ்டிக்கும் பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும். டயரைத் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்கலாம். சென்னை மாநகராட்சியே அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன்னதாக அப்படிக் கேட்டுக்கொள்கிறது. தேய்ந்த ஈர்க்குமாற்றை நறுக்கிச் செடியடியில் போட்டால் மண்ணோடு மக்கும். வாசலில் பச்சரிசி மாவுக்கோலம், நிலையில் வேப்பிலையும் பூளைப்பூவும், நெருப்பு வேண்டுமென்றால் ஓர் அகல்விளக்கு. இதில் போகிக்கு எந்தக் குறையும் இல்லை.

போகிக்கு முந்தின இரவு ஜன்னலில் துணி செருகாமல் என் அம்மா தூங்க வேண்டும். என் பாட்டி வீட்டில் அவர் அப்படித்தான் தூங்கினார். நான் திரும்பக் கேட்கும் மரபு அதுதான்.