பெயரின் பொருளும் கூப்பிடும் வாயும்

போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு இளம் தாய், தன் பெண் குழந்தைக்கு ரஷ்யப் பெயர் ஒன்று சொல்லச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "பேரைக் கேட்டா நாம யாருன்னு தெரியக் கூடாதுக்கா" என்றார்.

தெரிந்த பெயர்களைச் சொன்னேன். ஸ்வெத்லானா, 'ஒளி' என்ற சொல்லிலிருந்து வந்தது. லுத்மிலா, மக்களுக்குப் பிரியமானவள். நதேழ்தா, நம்பிக்கை. பொருள் எல்லாம் அழகுதான். ஆனால் பெயரை வைத்து மனிதரை மட்டம் தட்டும் வேலை அந்த நாட்டிலும் நடந்திருக்கிறது.

பழைய ஸ்லாவிய மக்களிடையே யாரொஸ்லாவ், ஸ்வியாத்தொஸ்லாவ் போன்ற இரட்டைச் சொல் பெயர்கள் பெரும்பாலும் இளவரசர்களுக்கு உரியவை. 'ஸ்லாவ்' என்றால் புகழ். எளிய மக்கள் வீட்டில் நெக்ராஸ் (அழகில்லாதவன்), த்ரெத்யாக் (மூன்றாமவன்) போன்ற பெயர்கள் இருந்தன. கண்ணேறு படாமல் பிள்ளை பிழைக்கட்டும் என்று மட்டமான பெயர் வைப்பதும் உண்டு. நம் குப்பனும் பிச்சையும் நினைவுக்கு வருகிறார்களா?

பிறகு எல்லோருக்கும் கிறித்தவப் பெயர் வந்தது. பெயர் பொதுவானாலும் மரியாதை பொதுவாகவில்லை. ஜார் மன்னருக்கு மனு எழுதுபவர் தன்னை இவான் என்று எழுத மாட்டார், 'உன் அடிமை இவாஷ்கா' என்றுதான் எழுதுவார். இந்த அரைப்பெயர் வழக்கத்தை 1701-இல் முதலாம் பீட்டர் தடை செய்தார். ஆனால் பண்ணையடிமை முறை ஒழிய 1861 ஆயிற்று. அதுவரை நரைத்த கிழவனையும் பண்ணையார் வீட்டுப் பிள்ளை 'வான்கா' என்று கூப்பிட முடிந்தது. அதே இவானை அவன் தாய் 'வான்யா' என்று கூப்பிட்டால் அது கொஞ்சல். யார் கூப்பிடுகிறார் என்பதில்தான் பொருள் இருக்கிறது.

நமக்கு இது புதிதல்ல. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று மனு நூலே விதி எழுதி வைத்திருக்கிறது. அந்த நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட நம்மை ஊர் எப்படிக் கூப்பிட்டிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? என் தாத்தாவை வயதில் சின்னவர்களும் 'டேய்' போட்டுத்தான் கூப்பிட்டார்கள். அவர் பெயருக்கு அகராதியில் நல்ல பொருள்தான் இருந்தது.

அதனால்தான் நம் தெருக்களில் இருக்கும் லெனின்களும் ஸ்டாலின்களும் கார்க்கிகளும் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். ஸ்டாலின் என்பது 'எஃகு' என்ற சொல்லிலிருந்து வந்தது. கார்க்கி என்றால் 'கசப்பு'. லெனினின் இயற்பெயர் விளாதிமிர் இலியிச் உல்யானவ். மூன்றுமே பெற்றோர் வைத்தவை அல்ல, அவரவர் தாமே சூடிக்கொண்டவை. ஊர் நம்மேல் சுமத்திய பெயர்களைத் தள்ளிவிட்டு 'தலித்' என்று நாமே நம்மை அழைத்துக்கொண்டதும் அதே வகைக் காரியம்தான்.

பெயரை மாற்றினால் சாதி போய்விடாது. பள்ளியில் சான்றிதழ் கேட்பார்கள், வாடகை வீட்டுக்காரர் தெருப்பெயர் கேட்பார். ஆனாலும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையை நாம் யாருக்கும் விட்டுத்தரக் கூடாது. அந்தப் பெயரை மரியாதையோடு கூப்பிடச் சொல்லிப் பள்ளியிலும் தெருவிலும் கேட்கும் உரிமையையும் விடக் கூடாது.

அந்தத் தாய் கடைசியில் 'நதியா' என்று வைத்தார். அது நதேழ்தாவின் செல்லப்பெயர். வீட்டில் கொஞ்சிக் கூப்பிடும் பெயர் என்று சொன்னேன். "அப்போ எல்லாரும் அப்படியே கூப்பிடட்டும்" என்றார்.