கதைக்கு எதுக்குக் கோப்பை?



கபடியில் ஜெயித்தால் கோப்பை வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தால் பதக்கம் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு கதையைக் கேட்டு முடித்ததற்கு யாராவது கோப்பை கொடுப்பார்களா? வீடியோ கேம் உலகத்தில் கொடுக்கிறார்கள்! அது சரிதானா என்பதுதான் என் கேள்வி.

கேம் என்றதும் நமக்குச் சுடுவதும் கார் ஓட்டுவதும்தான் ஞாபகம் வரும். கதைக்காகவே செய்த கேம்களும் உண்டு. படமும் வசனமுமாகக் கதை ஓடும். நடுவில், "நீங்க என்ன பதில் சொல்வீங்க?" என்று கேட்கும். சில கேம்களில் நம் பதிலைப் பொறுத்துக் கதையே வேறு பக்கம் திரும்பிவிடும்.

2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது 'அச்சீவ்மென்ட்', அதாவது சாதனைப் புள்ளி என்ற வழக்கம் பரவியது. 2007-ல் ஸ்டீம், 2008-ல் ப்ளேஸ்டேஷன் 3 என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வேலையை முடித்தால் திரை ஓரத்தில் 'டிங்' என்று ஒரு பட்டை வரும். எக்ஸ்பாக்ஸில் ஒரு கேம் வெளிவர வேண்டுமானால் அதில் சாதனைகள் இருந்தே ஆகணும். சண்டை கேமுக்கும் அதே சட்டம், கதை கேமுக்கும் அதே சட்டம்!

ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 'வெண்பா' என்ற கேம் 2023 ஜூலை 31-ல் வெளிவந்தது. செய்தவர்கள் கனடா நாட்டின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. பாதி எழுத்து அழிந்துபோய் இருக்கும். இட்லி எப்படி அவிக்கிறது, புட்டு எப்படி செய்யறது என்று நாம்தான் கண்டுபிடிக்கணும். வளர வளர கவின் தமிழிலிருந்தும் அம்மாவின் சமையலிலிருந்தும் விலகிப் போகிறான். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசு இதற்குக் கிடைத்தது.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் சாதனை முறையே கிடையாது. அதிலும் வெண்பா வந்தது. அதில் விளையாடியவர்களுக்கு ஒரு கோப்பையும் இல்லை. அதனால் கதை குறைஞ்சா போச்சு?

நாளைக்கு நம்மில் ஒருவரே நம்ம காரங்காட்டுக் கதையை கேமாகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போன அப்பா விடிந்தும் திரும்பவில்லை. அம்மா கரையில் நிற்கிறாங்க. பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த நேரம் பார்த்து, 'டிங்! சாதனை: காத்திருந்தவள். 20 புள்ளிகள்!' என்று வந்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சாதனைப் பட்டியலை முதலிலேயே பார்க்கலாம் என்றால் கதையில் என்ன நடக்கப் போகுது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மனசு கதையில் நிற்காது. நம்ம ஊர்ச் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகிறவர்களிடம், "பத்துப் பறவை பார்த்தால் ஒரு பதக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கொண்டே வருவார்கள். காட்டைப் பார்க்க மாட்டார்கள்!

இது என் கற்பனை மட்டும் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படம் வரைய ஆசைப்படும் சின்னக் குழந்தைகளில் சிலரிடம், "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்குப் பரிசே இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள்தான் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

சாதனை வேணும் என்பவர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். பல முடிவுகள் உள்ள கதையில், "நீங்கள் பார்க்காத பாதை இன்னும் இருக்கு" என்று அது சொல்லிக் கொடுக்கும். எத்தனை சதவீதம் பேர் கடைசிவரை வந்தார்கள் என்று செய்தவர்களுக்கும் தெரியும். உண்மைதான். அதற்கு நான் சொல்லும் வழி இது: சாதனைகளை மறைத்து வையுங்கள். கதை முடிந்த பிறகு காட்டுங்கள். வேண்டாம் என்பவர்கள் அணைத்து வைக்க வசதி கொடுங்கள்.

இதை கேம் ஆடாதவர்களும் யோசிக்கணும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். அது நம் வாசிப்பு எந்த அளவில் இருக்கு என்று சொல்வது. நல்லது. ஆனால் அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால், நாம் எந்தப் புத்தகத்தை எடுப்போம்? ஒல்லியான புத்தகத்தைத்தானே!

அப்பத்தா கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுவோம். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். சொல்கிறவருக்கு அதுவே பரிசு. கேட்கிற நமக்கு, அடுத்து என்ன ஆச்சு என்பதே பரிசு. கதைக்கு அது போதும்!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே? மறுப்பு இருந்தால் அடுத்த சுவரிதழுக்கு எழுதிக் கொடுங்கள்.

- பதினோராம் வகுப்பு மாணவி